மூன்று பட்டை, ஒரு கால்சியம் கோடு

1

இந்த ஊரில் ஆயுத பூஜைக்கு லீவு கிடையாது. அதனால் அதை அடுத்து வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளி வைத்துக் கும்பிடுகிறோம். சாமி ஒன்றும் சொல்வதில்லை.

போன ஞாயிறு காலையில் என் மனைவி சுமதி குளித்துவிட்டு வந்து கார் சாவி, தையல் மிஷின், என் லேப்டாப், கரண்டு அடுப்பு என்று ஒவ்வொன்றுக்கும் திருநீற்றுப் பட்டை போட்டுக்கொண்டே போனாள். மகள் யாழினிக்குப் பத்து வயது. பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்த மைக்ராஸ்கோப் மேஜையில் இருந்தது. அம்மாவின் விரல் அதன் பக்கம் போனதும் பிள்ளை ஓடி வந்து இரண்டு கையாலும் அதை மூடிக்கொண்டு ஜெர்மனில் ஏதோ படபடவென்று சொன்னாள். இவள் கோபம் வந்தால் தமிழை மறந்துவிடுவாள். சந்தோஷம் வந்தாலும் மறந்துவிடுவாள். சோறு வேண்டும் என்றால் மட்டும் ஞாபகம் வரும். நான்தான் சுமதிக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன்: சாம்பல் பட்டால் பார்க்கிறதெல்லாம் தப்பாகத் தெரியுமாம்.

சுமதி சிரித்துக்கொண்டே அடுத்த சாமானுக்குப் போய்விட்டாள். நான் பாத்ரூமுக்குப் போய் வாந்தி எடுத்தேன். முந்தின நாள் பழைய குழம்பைச் சூடு பண்ணிச் சாப்பிட்டதுதான் காரணம் என்று சுமதி சுக்குக் கஷாயம் போட்டுக் கொடுத்தாள். கஷாயத்துக்கு அடங்குகிற சமாச்சாரமா அது?

வெளிநாட்டில் இருந்து ஊருக்கு எழுதுகிறவன் பனியைப் பற்றி எழுதுவான். ரயில் நேரத்துக்கு வருவதைப் பற்றியும், ரோட்டில் எவனும் துப்பாததைப் பற்றியும் எழுதுவான். நானும் அப்படி நாலைந்து எழுதியிருக்கிறேன், நீங்களும் படித்துவிட்டு நல்லா இருக்கு என்று சொல்லியிருக்கிறீர்கள். இந்தத் தடவை அது முடியாது. இந்தத் தடவை எழுதப்போவது ஒரு ஏமாற்று வேலையைப் பற்றி. ஏமாற்றியவன் வேறு யாரும் இல்லை.

2

ரெண்டு வருஷமாக எனக்கு ஒரு பெண் ஈமெயில் அனுப்பிக்கொண்டிருக்கிறது. மலர்க்கொடி என்று பேர், மேலூர்க்காரப் பிள்ளை. அப்பா கல் குவாரியில் வாட்ச்மேன். மதுரையில் நான் படித்த அதே கல்லூரியில், அதே புரொபசரிடம், நான் செய்த அதே சோதனையைத்தான் ஆராய்ச்சிக்கு எடுத்துச் செய்கிறது. எனக்கு வந்தது அதற்கு வரவில்லை. அதுதான் பிரச்சினை.

சோதனை என்னவென்று சொல்லிவிடுகிறேன், பயப்படாதீர்கள். லேசரை ஒரு புள்ளியில் குவித்து ஒரு கல்லின்மேல் ஒரு தடவை சுட்டால், சுட்ட இடத்தில் கல் கல்லாக இருக்காது. அந்த இடம் மட்டும் ஆவியாகி, ஆவியும் பிய்ந்து, கண் இமைக்கும் நேரத்துக்குள் ஒரு பொறி தோன்றி மறையும். வெல்டிங் பொறிக்குத் தங்கச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பிளாஸ்மா என்கிறோம். அந்த வெளிச்சத்தைப் பிரித்துப் பார்த்தால் கோடு கோடாகத் தெரியும். கால்சியத்துக்கு ஒரு இடத்தில் கோடு, இரும்புக்கு வேறொரு இடத்தில். எந்தக் கோடு எம்புட்டுப் பிரகாசமோ, அந்தச் சரக்கு கல்லில் அம்புட்டு இருக்கிறது என்று கணக்குப் போடலாம்.

என் ஆராய்ச்சிக் கேள்வி இதுதான். பொறி கிளம்புகிற இடத்துக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு செப்புத் தட்டை எதிரெதிரே நிறுத்தி, நடுவில் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரத்தைக் கொடுத்தால், அந்தக் கோடுகள் கூடுமா, குறையுமா? நல்ல கேள்வி. இன்றைக்கும் பல நாட்டில் ஆட்கள் இதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். மின்புலம் அந்தப் பொறியை ஏதோ செய்கிறது. எம்புட்டுச் செய்கிறது, எப்போது செய்கிறது என்பதில்தான் வழக்கு.

எனக்கு வழக்கே இல்லாமல் பதில் கிடைத்தது. வோல்ட் ஏற ஏறக் கால்சியம் கோடு பல மடங்கு ஏறியது. வழுவழுவென்று ஒரு வளைகோடு, யாராவது கையால் வரைந்த மாதிரி. அதை எழுதி அனுப்பினோம், வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்தது. அந்தக் கட்டுரைதான் என்னை இந்த நாட்டுக்குக் கூட்டி வந்தது.

மலர்க்கொடி முதல் மெயிலில் பயந்து பயந்து இங்கிலீஷில் எழுதியிருந்தது. மூன்றாவது மெயிலில் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடிக்க ஆரம்பித்துவிட்டது. "சார், நீங்க சொன்ன வோல்ட்டுதான், அதே மேலூர்க் கல்லுதான், கோடு ஏற மாட்டேங்குது, எங்க தப்புன்னு ஒரு வரி சொல்லுங்க."

நான் என்ன பதில் எழுதினேன் தெரியுமா? தட்டை நன்றாகப் பாலீஷ் பண்ணு, ஸ்பிரிட் போட்டுத் துடை, துளித் தூசி இருக்கக் கூடாது என்று எழுதினேன். அந்தப் பிள்ளை ஆறு மாதம் தட்டைத் தேய்த்தது. முகம் தெரிகிற அளவுக்குத் தேய்த்துவிட்டேன் சார், இன்னும் வரலை என்று பதில் வந்தது. அந்த மெயிலை நான் ஆபீஸில் காபி குடித்துக்கொண்டே படித்தேன். படித்துவிட்டு மிச்சக் காபியையும் குடித்தேன். இப்போது அதை நினைத்தால் என் மூஞ்சியில் நானே துப்பத் தோன்றுகிறது.

3

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் லேப் எப்படி இருக்கும் என்றால், மத்தியானம் கரண்டு போய்விடும், சாயங்காலம் வோல்டேஜ் அடி வாங்கும், நடுவில் கிடைக்கிற ரெண்டு மணி நேரத்தில் லேசர் நம்மீது கருணை வைக்க வேண்டும். வில்லாபுரத்தில் இருந்து சைக்கிளில் வந்து, வேர்த்து விறுவிறுத்து, கதவைச் சாத்தி இருட்டாக்கி உட்கார்ந்தால் கரண்டு போகும். ரெண்டு வருஷம் கோடு அசையவில்லை. எங்கேயாவது ஒரு துளி ஏறும், மறுநாள் பார்த்தால் இருக்காது. அப்பா மில்லில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். உன் படிப்பு எப்பப்பா முடியும் என்று கேட்பதை நிறுத்திவிட்டு, சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்க ஆரம்பித்திருந்தார். பழையபடி கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

அப்போது ஒரு ஆயுத பூஜை வந்தது. லேப் அட்டெண்டர் பாண்டி அண்ணே, எனக்குப் பதினைந்து வயது மூத்தவர், எல்லா மிஷினுக்கும் பட்டை அடித்தார். ஸ்டெபிலைசர், பம்ப், கேஸ் சிலிண்டர், எதையும் விடவில்லை. என் செப்புத் தட்டுக்கு வெளிப்பக்கம் ஒயர் ஓடும், பூச இடம் இல்லை. அதனால் உள்பக்கம் மூன்று பட்டையும் நடுவில் ஒரு குங்குமமும் வைத்தார். நானும் பக்கத்தில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

லீவு முடிந்து வந்து லேசரைத் தட்டினேன். கால்சியம் கோடு பதிவு மிஷினின் காகிதத்தை விட்டு வெளியே போனது.

நான் பாண்டி அண்ணனைக் கட்டிப்பிடித்தேன். புரொபசர் ஓடி வந்தார். மிஷின் ராசியாகிவிட்டது என்று பாண்டி அண்ணே அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் தட்டுக்குத் திருநீறு பூச ஆரம்பித்தார். வெள்ளி, சனியில் ரீடிங் அமோகமாக வரும். புதன், வியாழனில் சோர்ந்துபோகும். காற்றில் ஈரம் இருக்கிறது, வோல்டேஜ் சரியில்லை என்று நாங்களே ஒரு காரணம் கட்டிக்கொண்டோம். பிறகு வெள்ளிக்கிழமை மட்டும் ரீடிங் எடுப்பது என்று வழக்கமாகிவிட்டது. உலகத்தில் எந்தப் பிளாஸ்மாவாவது கிழமை பார்க்குமா? படித்தவன் நான், எனக்குத் தோன்றவில்லை. கால்சியம் மட்டும் ஏறுகிறது, கல்லில் இருக்கிற அலுமினியமும் சிலிக்கனும் அசையவில்லை, ஏன் என்றும் கேட்கவில்லை. கால்சியம் சீக்கிரம் எலக்ட்ரானை விட்டுக்கொடுக்கும் என்று கட்டுரையில் ஒரு பத்தி எழுதினோம். படிக்கிறதற்கு ரொம்ப நன்றாக இருந்த பத்தி அது.

நாலைந்து மாதம் கழித்து, கட்டுரை ஏற்கப்பட்டு அச்சுக்குப் போன பிறகு, பாண்டி அண்ணனின் பெரியப்பா தவறிவிட்டார். அண்ணே வேலைக்கு வந்தார், ஆனால் தீட்டு, பதினாறு நாள் பூஜை சாமானைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். முதல் வெள்ளி போனது, கோடு மங்கியது. இரண்டாவது வெள்ளி கோடு படுத்தேவிட்டது.

அன்றைக்கு மத்தியானம் நான் தட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தேன். பட்டை இருந்த இடம் காலியாக இருந்தது. எதிர்த் தட்டிலும் கல்லின் மேலும் மெல்லிசாக வெள்ளைப் பொடி. வோல்ட் கொடுத்ததும் காய்ந்த திருநீறு ஒரு தட்டிலிருந்து பிய்ந்து மறு தட்டுக்குப் பறந்திருக்கிறது, போகிற வழியில் பொறிக்குள்ளும் விழுந்திருக்கிறது. வோல்ட் கூடினால் அதிகம் பறக்கும். கடைத் திருநீற்றில் முக்கால்வாசி சுண்ணாம்புச் சரக்கு, அத்தனையும் கால்சியம். மேலூர்க் கல்லை நான் அளக்கவே இல்லை. கோயில் வாசலில் விற்கிற பொட்டலத்தை அளந்திருக்கிறேன்.

சந்தேகம் தீரட்டும் என்று தட்டைத் துடைத்துவிட்டு ஒரு தடவை, நானே பூசிவிட்டு ஒரு தடவை பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் எல்லாம் தெரிந்துபோனது.

4

இதுவரைக்கும் நடந்தது முட்டாள்தனம். முட்டாள்தனத்துக்கு வெட்கப்படலாம், அருவருப்புப்பட வேண்டியதில்லை. அருவருப்பு இனிமேல்தான்.

புரொபசர் அறைக்குப் போனேன். பணியாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, விரலைக் கைக்குட்டையில் துடைத்துவிட்டு, எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"தட்டோட மேற்பரப்பைப் பொறுத்து மாறும்னு தீசிஸ்ல ஒரு வரி சேர்த்துக்கப்பா. அம்புட்டுத்தான்."

அச்சுக்குப் போன கட்டுரையைத் திரும்ப வாங்கினால் டிபார்ட்மென்ட் பேர் கெடும், புது ஃபண்டு நின்றுபோகும், உனக்கு அடுத்து வருகிற பிள்ளைகளுக்கும் கெடுதல் என்று நிதானமாகச் சொன்னார். என் அப்பாவைப் பற்றி விசாரித்தார். பணியாரத் தட்டை என் பக்கம் நகர்த்தினார். நான் ஒன்று எடுத்துத் தின்றேன். அவர் சொன்ன அந்த ஒரு வரியைக்கூட நான் சேர்க்கவில்லை, அதுதான் கூத்து. அவரை மட்டும் திட்டித் தப்பித்துக்கொள்ளலாம் என்று எத்தனையோ வருஷம் முயற்சி பண்ணிப் பார்த்தேன். முடியவில்லை, ஏனென்றால் அதற்குப் பிறகு நடந்தது முழுக்க என் கை.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரில் இருந்து ஒரு பெரியவர் வந்தார். மரியாதையான மனிதர். சோதனையைக் கண்ணால் பார்க்க ஆசைப்படுகிறேன் என்றார். லேப்புக்குக் கூட்டிப்போனோம். அப்பா புது வேட்டி கட்டிக்கொண்டு வராந்தாவில் லட்டு டப்பாவோடு நிற்கிறார். புரொபசர் ஜன்னல் பக்கம் போய் வேப்பமரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

நான் அலமாரியைத் திறந்து பொட்டலத்தை எடுத்தேன். "சாமி கும்பிட்டு ஆரம்பிக்கிறேன் சார்" என்று சொன்னேன். தட்டின் உள்பக்கம் மூன்று பட்டை போட்டேன், கொஞ்சம் தாராளமாகவே போட்டேன். அந்தப் பெரியவருக்கு மனசு குளிர்ந்துவிட்டது. இந்தக் காலத்துப் பிள்ளைகளில் இப்படி யார் இருக்கிறார்கள் என்று சொல்லி, எனக்கும் கொடுப்பா என்று கையை நீட்டினார். கொடுத்தேன். நெற்றியில் பூசிக்கொண்டார்.

லேசரைத் தட்டினேன். கோடு ஏறியது. அவர் நெற்றியில் இருந்ததும் அந்தக் காகிதத்தில் இருந்ததும் ஒரே சரக்கு. என் கையைப் பிடித்துக் குலுக்கி டாக்டர் என்று முதல் தடவை கூப்பிட்டவர் அவர்தான். அவர் இப்போது இல்லை. அவரிடம் சொல்லவும் வழி இல்லை.

கல்லூரியை விட்டுக் கிளம்பும்போது கடைசியாக ஒரு வேலை பார்த்தேன். பாண்டி அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு, இனிமேல் அந்தத் தட்டுக்கு மட்டும் பூசாதீர்கள், கரண்டு போகிற இடம், ஆபத்து என்று சொன்னேன். எனக்குப் பின்னால் வருகிறவர்கள் யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாதே, அதற்குத்தான். அவர், தன் பத்திரத்துக்காகச் சொல்கிறேன் என்று நினைத்து, "சரி தம்பி, பார்த்துப் போயிட்டு வாங்க" என்று கண் கலங்கினார்.

5

இந்த நாட்டுக்கு வந்ததும் அந்தப் பட்டத்தைப் பேருக்கு முன்னால் போட்டுக்கொள்ள அரசாங்க அனுமதி வாங்க வேண்டும் என்றார்கள். சான்றிதழின் மொழிபெயர்ப்பு, மொழிபெயர்த்தவர் மொழிபெயர்ப்பாளர்தான் என்பதற்கு ஒரு முத்திரை, அந்த முத்திரை உண்மை என்பதற்கு இன்னொரு முத்திரை. ஆபீஸில் இருந்த அம்மா என் தீசிஸ் தலைப்பை மூன்று தடவை எழுத்துக்கூட்டி வாசித்தது. எல்லாக் காகிதத்தையும் சோதித்தார்கள். தட்டை மட்டும் யாரும் பார்க்கவில்லை.

அதோடு இன்னொரு கோளாறு. நம் ஊரில் எஸ். செல்வம். எஸ் என்றால் என்ன என்று கேட்டார்கள், அப்பா பேர் என்றேன். அதையே குடும்பப் பேராக எழுதிவிட்டார்கள். ஆகவே இங்கே நான் செல்வம் இல்லை, டாக்டர் சங்கரலிங்கம். வீட்டு வாசல் மணிக்குப் பக்கத்தில், தபால் பெட்டியில், ஆஸ்பத்திரிச் சீட்டில், எல்லா இடத்திலும் என் அப்பா டாக்டர் ஆகிவிட்டார். அஞ்சாம் கிளாஸ் படித்த மனுஷன். அந்த வாசல் மணியைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். பிரேம் போட்டு வில்லாபுரம் வீட்டில் மாட்டியிருக்கிறார். டீக்கடைக்குப் போகும்போது ஒரு பிரதி சட்டைப்பையிலும் இருக்குமாம், அம்மா போனில் சொல்லிச் சிரித்தாள்.

கீழ்வீட்டு ஜெர்மன் கிழவி அந்த டாக்டர் எழுத்தைப் பார்த்துவிட்டு ஒரு நாள் படியில் என்னை நிறுத்தி முட்டியைக் காட்டியது. நான் அந்த டாக்டர் இல்லை என்று சொல்ல எனக்கு அப்போது பாஷை போதவில்லை. சூடாக எண்ணெய் தேயுங்கள் என்று சைகையில் சொல்லிவிட்டேன். இப்போது பாஷை போதுமான அளவு வந்துவிட்டது. இன்னும் அது ஹெர் டாக்டர், அதாவது டாக்டர் ஐயா என்றுதான் கூப்பிடுகிறது, எண்ணெய்க்கு நன்றி சொல்கிறது. நானும் பரவாயில்லை பரவாயில்லை என்று சொல்லிவிட்டு மேலே ஏறிவிடுகிறேன். உரிமையில்லாத மரியாதையை வாங்கி வாங்கி எனக்குப் பழக்கமாகிவிட்டது.

வந்த புதிதில் நான் சேர்ந்த லேப்பின் தலைவர் அந்தச் சோதனையை இங்கே செய்து காட்டேன் என்றார். உங்கள் ஊர்க் காற்றில் ஈரப்பதம் வேறு என்று சொல்லி நழுவினேன். இப்போது பழைய இரும்பு வாங்கி உருக்குகிற கம்பெனியில் வேலை. வருகிற துண்டில் என்ன உலோகம் கலந்திருக்கிறது என்று அதே லேசரால் சுட்டுச் சொல்ல வேண்டும். தட்டும் இல்லை, வோல்ட்டும் இல்லை. நிம்மதியான வேலை என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

யாழினி பள்ளிக்கூடத்தில் கடுகு முளைக்கப் போட்டு நோட்டில் எழுத வேண்டும். ஒரு தொட்டி செத்துவிட்டது, அளந்ததிலும் ஒரு இடத்தில் தப்பு. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு அழகாக வேறே எழுது என்றேன். பிள்ளை என்னை ஏற இறங்கப் பார்த்தது. கிழிக்கக் கூடாதாம், ஒயிட்னர் போடக் கூடாதாம். தப்பின் மேல் ஒரே ஒரு கோடு போட வேண்டுமாம், அடியில் இருக்கிறது தெரிகிற மாதிரி. டீச்சர் சொல்லியிருக்கிறார்களாம். என்னிடம் பேசத் தமிழ் தேடித் தேடி எடுப்பவள், அன்றைக்கு மட்டும் தடுமாறாமல், "கிழிச்சா அது பொய் அப்பா" என்றாள். நான் டிவியைப் போட்டுவிட்டேன்.

6

வாந்தி எடுத்த அன்று சாயங்காலம் மெயில் பார்த்தேன். மலர்க்கொடி எழுதியிருந்தது. ஜனவரியோடு பதிவு காலாவதியாகிறது சார், அந்த வளைகோடு வராமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று புரொபசர் சொல்லிவிட்டார், உனக்குக் கை வராதும்மா, பேசாமல் ஊருக்குப் போ என்கிறார். மூன்றரை வருஷம் சார். கடைசியாக ஒரே ஒரு தடவை கேட்கிறேன், நான் செய்யாமல் விட்டது என்ன? அவ்வளவுதான் மெயில்.

மேலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கிற பிரவுசிங் சென்டர் நம்பரை முன்பே ஒரு தடவை கொடுத்திருந்தது. மறுநாள் எங்களுக்குக் காலை, அங்கே மத்தியானம், அந்த நேரத்தில் வந்து நிற்கச் சொல்லிப் பதில் போட்டுவிட்டுக் கூப்பிட்டேன். குரலை அன்றைக்குத்தான் முதலில் கேட்கிறேன். பின்னால் மதுரை மதுரை என்று கண்டக்டர் ஏலம் விடுகிற சத்தம். நலம் விசாரித்தேன், மழை பெய்கிறதா என்று கேட்டேன், அந்தப் பிள்ளை எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னது. எனக்கு வேறு எதுவும் கேட்பதற்கு மிச்சமில்லை.

"தட்டுல திருநீறு இருந்துச்சும்மா" என்றேன்.

பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"தெரியும் சார்."

அப்புறம் அதுவே சொன்னது. போன வருஷம் ஆயுத பூஜைக்குப் பாண்டி அண்ணே எல்லா மிஷினுக்கும் பட்டை அடித்துவிட்டு இந்தத் தட்டை மட்டும் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். ஏண்ணே இதுக்கு மட்டும் இல்லை என்று கேட்டிருக்கிறது. செல்வம் தம்பி போகும்போது வேண்டாம்னு சொல்லிட்டுப் போனாரு, அதுக்கு முன்னாடி வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை நான்தான் பூசுவேன், அப்பவெல்லாம் நல்லா ஓடுச்சு என்று அவர் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அன்றைக்கே பூசி ஒரு தடவை, துடைத்து ஒரு தடவை பார்த்திருக்கிறது. பூசின வளைகோடு என் கட்டுரையில் இருக்கிற கோட்டின் மேல் அச்சாக உட்கார்ந்ததாம்.

ஒரு வருஷமாகத் தெரிந்திருக்கிறது. அப்புறம் ஏம்மா என்னிடம் பாலீஷ், ஈரப்பதம் என்று கேட்டுக்கொண்டே இருந்தாய் என்றேன்.

"நான் சொன்னா வாட்ச்மேன் மகளுக்கு எக்ஸ்பெரிமென்ட் பண்ணத் தெரியலைன்னு முடிச்சிருவாங்க சார். நீங்க சொன்னாத்தான் எடுபடும். நீங்களாச் சொல்லுவீங்கன்னு பார்த்தேன்."

எத்தனை மெயில், ஒவ்வொன்றிலும் அந்தப் பிள்ளை கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருக்கிறது. நான் ஒவ்வொரு தடவையும் தட்டைத் தேய் என்று அனுப்பியிருக்கிறேன்.

"சுத்தமான தட்டுல சின்ன வித்தியாசம்தான் சார் வருது," என்றது. "ஆனா நிஜமா வருது. எத்தனை தடவை பார்த்தாலும் வருது. அதை வச்சு நான் தீசிஸ் எழுதிருவேன். உங்க பேப்பர் குறுக்க நிக்குது. எழுத்துல குடுங்க சார்."

தரேன்மா என்றேன். போனை வைக்கப் போனவன், கேட்காமல் இருந்திருக்கலாம், ஆனால் கேட்டேன். தெரிஞ்ச பிறகு நீயும் பூசிக் காட்டியிருந்தால் போன வருஷமே முடிந்திருக்குமே?

"தோணாம இல்லை சார். பொட்டலம் அதே அலமாரியிலதான் இருக்கு. ஒரு நாள் கையில எடுத்தேன். திரும்ப வச்சுட்டேன்."

7

சுமதியிடம் அன்றே சொன்னேன். கல்யாணம் ஆகிப் பன்னிரண்டு வருஷம், அவளுக்கு இது தெரியாது. டிகிரி போகலாம், வேலை போகலாம், ஊரில் பேர் நாறும், அப்பாவிடம் யார் சொல்வது என்று தெரியாது, எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போவதைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பெரியவர் நெற்றியில் பூசிக்கொண்டதைச் சொன்ன இடத்தில்தான் முகம் மாறியது.

"தினமும் என் கையாலதான உங்களுக்குத் திருநீறு வச்சு விட்டேன். எப்படிங்க வாங்கிக்கிட்டு நின்னீங்க?" என்றாள். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. எனக்கு அது வேண்டியதுதான்.

அந்த ரெண்டு நாளில் கடிதத்தை எழுதினேன். பல்கலைக்கழகத்துக்கு ஒன்று, பத்திரிகைக்கு ஒன்று, கம்பெனிக்கு ஒன்று, புரொபசருக்கு ஒன்று, மலர்க்கொடிக்கு நகல். சுற்றி வளைக்கவில்லை. தட்டில் திருநீறு இருந்தது, அளந்தது அந்தத் திருநீற்றை, எனக்குத் தெரியும், தெரிந்த பிறகும் தேர்வில் என் கையாலேயே பூசினேன், அட்டெண்டருக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை, இந்தப் பெண் கண்டுபிடித்தது சரி. ஒரு பக்கம்தான் வந்தது. இத்தனை வருஷம் சுமந்தது ஒரே பக்கத்தில் அடங்கிவிட்டதைப் பார்க்கவே கேவலமாக இருந்தது.

ஐந்து காகிதத்திலும் கையெழுத்துப் போட்டு மேஜையில் வைத்திருந்தேன். சுமதி வந்து ஒன்றை எடுத்து நின்றபடியே முழுக்க வாசித்தாள். கடைசி வரியில் விரலை வைத்து என் பக்கம் நீட்டினாள்.

கையெழுத்துக்குக் கீழே டாக்டர் சங்கரலிங்கம் என்று அச்சாகியிருந்தது. இங்கே எந்தக் கடிதம் எழுதினாலும் அப்படித்தான் அடித்துப் பழக்கம். இந்தக் கடிதத்திலும் விரல் தானாக அடித்திருக்கிறது. ஐந்திலும் அப்படியே.

"வேற காகிதத்துல புதுசா எடுத்துருங்க" என்றாள். ரெண்டு நாள் கழித்து அவள் பேசிய முதல் வார்த்தை அது.

பேனாவை எடுத்தேன். அப்பா பேருக்கு முன்னால் இருந்த அந்தச் சொல்லின் மேல் ஒரே ஒரு கோடு போட்டேன், அடியில் இருக்கிறது தெரிகிற மாதிரி. ஐந்து காகிதத்திலும் போட்டேன். யாழினி பக்கத்தில் வந்து நின்று எட்டிப் பார்த்தாள். சரியாகப் போட்டிருக்கிறேனா என்று பார்த்திருப்பாள் போலிருக்கிறது. ஐந்தையும் அவளே மடித்து உறைக்குள் வைத்தாள்.